பைபோலார் உள்ள பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் என்னென்ன கேட்கலாம்?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினைந்து வயது. திருச்சியில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பை முடித்திருக்கிறாள்; ஜூனில் பத்தாம் வகுப்பு. சென்ற நவம்பரில் ஒரு வாரத்துக்கும் மேலாக இரவில் இரண்டு மணி நேரம்கூட உறங்காமல், அதனால் சிறிதும் களைப்படையாமல், பேசிக்கொண்டே இருந்தாள். காதில் கிடந்த கம்மலைக் கழற்றித் தோழி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். காலை இறைவணக்கக் கூட்டத்தில் மேடையேறி, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, இறக்கிவிடும் வரை பேசினாள். மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தோம். பைபோலார், அதாவது இருமுனை மனநிலைக் கோளாறு என்றார்கள். இப்போது இரவில் லித்தியமும் மற்றொரு மாத்திரையும் எடுத்துக்கொள்கிறாள். ஜனவரி முதல் மார்ச் வரை நேர்மாறாக, படுக்கையை விட்டு எழவே முடியாத நிலை. முழு ஆண்டுத் தேர்வை எப்படியோ எழுதி முடித்தாள்.

சென்ற வாரம் பள்ளியில் அழைத்து, பத்தாம் வகுப்பின் சுமையை அவள் தாங்கமாட்டாள் என்றும், வேறு பள்ளி பார்த்துக்கொள்வதே அவளுக்கு நல்லது என்றும் மிகவும் கனிவாகச் சொன்னார்கள். அந்தக் கனிவுதான் எனக்கு அச்சமூட்டியது. மாற்றுத்திறனாளி மாணவருக்குப் பொதுத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவார்கள் என்று ஒருவர் சொன்னார். கேட்கக்கூடியது அவ்வளவுதானா? நோயின் பெயரை ஆசிரியர்களிடம் சொல்லத்தான் வேண்டுமா? இந்த வழியில் நடந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பழைய கரும்பலகை எழுதியது:

அம்மா, நான் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். முதலில் ஒரு எச்சரிக்கை. பள்ளி தானாக டி.சி. கொடுத்து அனுப்பினால் அதற்குக் காரணம் எழுத வேண்டியிருக்கும். ஆகவே "பெற்றோரின் விருப்பத்தின் பேரில்" என்று உங்களிடமே ஒரு கடிதம் கேட்பார்கள். அப்படி எதிலும் கையெழுத்திடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலான நேரங்களில் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியை விட்டு வெளியேற்றுவதைத் தடுக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. உங்களுக்குப் பயன்படுவது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதில் பட்டியலிடப்பட்ட 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. அதன் வரையறையிலேயே மனநிலையைக் கணிசமாகப் பாதிக்கும் கோளாறு என்று வருகிறது. 16-ஆம் பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிக்கு மட்டுமன்றி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள். பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதும், அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ப நியாயமான இணக்க வசதிகளைச் செய்து தருவதும் அங்கே கடமையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நாங்கள் இதைச் "சலுகை" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்தான் பாதிப் பிழைக்குக் காரணம் என்பது என் எண்ணம். சலுகை என்றால் கொடுப்பவர் மனம் வைக்க வேண்டும் என்றாகிவிடுகிறது.

இதை நான் உயரத்தில் நின்று சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் மேசை மீதேறி நின்று ஆசிரியர்களைப் பெயர் சொல்லி அழைத்த ஒரு பையனை ஒழுங்கீனம் என்று எழுதி அனுப்பியவன் நான். அவன் அதற்கு முந்தைய பத்து நாட்களாக உறங்கியிருக்கவில்லை என்பதை அவனுடைய அப்பா சொல்ல வந்தார். நான் கேட்கவில்லை.

நெல்லைத் தந்தை எழுதியது:

என் மகன் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பதினான்கு வயதில் நோய் தெரிந்தது. ஒரு மணி நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பெற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதில் உங்கள் முழு ஆற்றலையும் செலவிட்டுவிடாதீர்கள். அந்த ஏற்பாடு என்றும் ஒரே அளவில் இருக்கும் குறைபாட்டை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. கண் தெரியாத பிள்ளைக்கு ஜூலையிலும் மார்ச்சிலும் தேவை ஒன்றுதான். நம் பிள்ளைகளுக்கு ஜூலையில் எதுவுமே தேவையில்லாமல் இருக்கும், அக்டோபரில் எழுதவே முடியாமல் போகும், டிசம்பரில் "எனக்கு எதுவும் வேண்டாம், நான் மாநிலத்தில் முதலிடம் வருவேன்" என்று சொல்வார்கள். அந்த டிசம்பர்தான் மூன்றிலும் ஆபத்தானது.

எங்களுக்கு மிகவும் உதவியது உறக்கம் தொடர்பான ஏற்பாடுதான். நம் ஊரில் பத்தாம் வகுப்பு என்றால் காலை ஏழரை மணிக்குச் சிறப்பு வகுப்பு, மாலை ஏழு வரை படிப்பு, வீட்டில் பதினொன்று வரை எழுத்து வேலை, பிறகு அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பிவிடுதல். நான்கு மணிக்குப் படித்தால் மனத்தில் நிற்கும் என்பதை வேதவாக்காகவே வைத்திருக்கிறோம். இந்த நோயில் உறக்கம் குறைவது வெறும் களைப்பில் முடிவதில்லை. அதுவே மேலெழுச்சியை, அதாவது உங்கள் மகளுக்கு நவம்பரில் வந்தது போன்ற நிலையை, தூண்டிவிடும். அடுத்தடுத்து இரண்டு மூன்று இரவுகள் கெட்டால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே காலைச் சிறப்பு வகுப்பிலிருந்தும் மாலைப் படிப்பிலிருந்தும் விலக்கு, வீட்டுப்பாடத்துக்கு இரவு ஒன்பது மணி என்ற எல்லை ஆகிய இரண்டையும் எழுத்தில் பெற்றோம். மதிப்பெண் ஓரளவு குறைந்தது. அந்த ஆண்டு மருத்துவமனைக்குப் போகவில்லை.

நோயின் பெயரைப் பற்றி: நாங்கள் எல்லா ஆசிரியர்களிடமும் சொன்னோம். ஒரே வாரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வரை தெரிந்துவிட்டது. மறுபடியும் அந்த நாளுக்குப் போக முடிந்தால் மூன்று பேரிடம் மட்டும் சொல்வேன்: தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், அவன் நம்பும் ஒருவர்.

கணக்கு வகுப்பு எழுதியது:

எதிர்க்கருத்தாக எடுத்துக்கொள்ளாமல் படிக்க வேண்டுகிறேன். நான் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கும் ஆசிரியை. என் வகுப்பில் 46 பேர். வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்து அடிக்கும் பிள்ளை, காலையில் பால் ஊற்றிவிட்டு வரும் பிள்ளை, அம்மாவை இழந்த பிள்ளை எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உறக்கம் இல்லை. ஒருவருக்கு மட்டும் வீட்டுப்பாடத்தில் விலக்கு கொடுத்தால் மற்ற 45 பேரின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? மேலும், தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கேள்வி கேட்கப்படுவது நான்தான். மனநோய் என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் போய்விடுகிறார்கள். அதன் பிறகு வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. இன்னொரு ஐயமும் உண்டு. இந்த வயதில் மனநிலை மாறுவது இயல்பில்லையா? எல்லாவற்றுக்கும் நோயின் பெயர் சூட்டுகிறோமோ என்று தோன்றுகிறது.

மனநல மருத்துவர், தென் மாவட்டம் எழுதியது:

ஆசிரியையின் கடைசி ஐயம் வெறும் எதிர்ப்பு அல்ல. அமெரிக்காவில் 1994-95-க்கும் 2002-03-க்கும் இடையில் சிறார்களுக்கு பைபோலார் என்று பதிவான மருத்துவச் சந்திப்புகள் சுமார் நாற்பது மடங்கு பெருகின. நோய் அவ்வளவு பெருகியிருக்க முடியாது. எந்நேரமும் எரிச்சலாக இருக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. அதைத் திருத்தும் நோக்கில்தான் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில், இடையறாத எரிச்சலுக்கென்று தனி வகைப்பாடு சேர்க்கப்பட்டது. ஆகவே காலையில் சிரித்து மாலையில் அழும் பிள்ளைக்கு இந்தப் பெயர் பொருந்தாது. நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடித்து, அந்தப் பிள்ளையின் வழக்கமான இயல்பிலிருந்து தெளிவாக விலகி நிற்கும் காலங்களே இதன் அடையாளம். காவிரிக்கரை அம்மா எழுதியிருப்பது அத்தகையதுதான். எனினும் இணையத்தில் நான் எவருக்கும் நோயைக் கணிப்பதில்லை.

லித்தியம் எடுக்கும் பிள்ளை பள்ளியில் இருந்தால் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. தாகம் மிகும், அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகத் தோன்றும். தண்ணீர்ப் புட்டி மேசையில் இருக்கவும், கேட்காமலே கழிப்பறைக்குச் செல்லவும் இசைவு வேண்டும். தண்ணீரைக் கட்டுப்படுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகக்கூடும். கோடை வெயிலில் விளையாட்டுத் திடலில் நிறுத்திவைப்பது இவர்களுக்குத் தண்டனையைவிடப் பெரிய தீங்கு. மாதவிடாய் வலிக்குப் பள்ளி முதலுதவி அறையில் தரும் மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தக்கூடும். எங்களைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கை இலேசாக நடுங்குவது பலருக்கு உண்டு. ஆனால் நடுக்கம் திடீரென்று மிகுந்து, வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டும். இரத்தப் பரிசோதனை கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டியது. இரவு ஒன்பதுக்கு மாத்திரை என்றால் காலை ஒன்பதுக்கு இரத்தம். அன்று பிள்ளை பள்ளிக்குத் தாமதமாகத்தான் வர முடியும், அதை வருகைப் பதிவில் குற்றமாக எழுதக் கூடாது.

இன்னொன்று, மேலெழுச்சியைவிடச் சோர்வுக் காலத்தைக் கூர்ந்து பாருங்கள். சத்தம் போடும் பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். கடைசி இருக்கையில் தலையைக் கவிழ்த்திருக்கும் பிள்ளை "இப்போது அடங்கிவிட்டாள்" என்ற பாராட்டைப் பெறுவாள். சாவைப் பற்றி விளையாட்டாக ஒரு வரி எழுதியிருந்தாலும் அன்றே பெற்றோருக்குத் தெரிவித்து, பிள்ளையைத் தனியே விடாமல் ஒப்படைக்க வேண்டும். டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவிக்கு எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பதினாறிலிருந்து லித்தியம் எழுதியது:

நான் பெற்றோரும் அல்ல, ஆசிரியரும் அல்ல. அந்த இருக்கையில் அமர்ந்திருந்தவள். இப்போது எனக்கு முப்பத்தேழு வயது; ஒரு கூட்டுறவு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் வரலாற்றுத் தாளுக்கு நான் கூடுதல் தாள் வாங்கிக்கொண்டே இருந்தேன். கேள்வித்தாளில் ஒரு பக்கம் தாண்டவில்லை; முதல் நெடுவினாவுக்கே முப்பதுக்கு மேற்பட்ட பக்கங்கள் எழுதினேன். எழுத்து போகப் போகப் பெரிதாகி, கடைசிப் பக்கங்களில் வரிக்கு மூன்று சொற்கள்தாம் இருந்தன. எனக்கு அன்று ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் இன்னும் இருபது பக்கம் எழுதியிருப்பேன், அவ்வளவுதான். அன்று எனக்குத் தேவைப்பட்டது அந்தத் தேர்வை அப்போது எழுதாமல் இருக்கும் உரிமை. நெல்லைத் தந்தை சொல்வதை நான் இப்படிச் சொல்வேன்: மாறிக்கொண்டே இருக்கும் நோய்க்கு மாறாத ஏற்பாடு பொருந்தாது. ஏற்றத்தில் இருப்பவளுக்கு நேரத்தைக் குறைத்து இடைவேளையைக் கூட்ட வேண்டும். இறக்கத்தில் இருப்பவளுக்கு வேலையைக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். நடுவில் இருக்கும்போது எல்லோரையும் போல நடத்த வேண்டும். இந்த மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். நலமாக இருக்கும் நாட்களிலும் என்னைக் கண்ணாடிப் பாத்திரமாகப் பார்த்த ஓர் ஆசிரியையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கணக்கு ஆசிரியைக்கு: பெயரை மறைத்த பிள்ளையாக நான் பள்ளியை முடித்தேன். அதன் விலை, இரண்டு ஆண்டுகள் "சோம்பேறி" என்று அழைக்கப்பட்டது. மாத்திரையால் காலை பத்தரை மணி வரை கண் திறக்காது. முதல் பாடவேளை எப்போதும் கணிதமாகவே இருந்தது. எனக்குக் கணக்கு வராது என்று நானும் நம்பினேன். இன்று அதை வைத்துத்தான் சோறு தின்கிறேன்.

கணக்கு வகுப்பு எழுதியது:

இதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. முதல் பாடவேளையில் உறங்கும் பிள்ளையை நின்றுகொண்டே பாடம் கேட்க வைப்பது எங்கள் பள்ளியில் வழக்கம். நான் கேட்பது பிடிவாதத்தால் அல்ல: நாளை என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், திங்கட்கிழமை காலை நான் என்ன செய்ய வேண்டும்?

சிறப்புப் பயிற்றுநர், வட்டார வள மையம் எழுதியது:

அம்மாவுக்கும் ஆசிரியைக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒரே ஒரு தாள் போதும். இரண்டாவது பக்கம் போனால் எவரும் படிக்கமாட்டார்கள். மருத்துவரின் கடிதம் நோய்க் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் தகவலை இரகசியமாக வைத்திருப்பதை உரிமையாகவே தருகிறது. "நீண்டகாலச் சிகிச்சையில் இருக்கிறார், அதனால் பின்வரும் தேவைகள் உள்ளன" என்று தொடங்கித் தேவைகளை மட்டும் எழுதினால் போதும். அதை வைத்துக்கொண்டு பள்ளியும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து அமர்ந்து, இந்தப் பிள்ளைக்கு ஏற்றம் தொடங்கும்போது கண்ணில் படும் அறிகுறி என்ன, இறக்கத்தின் அறிகுறி என்ன, அதைப் பார்த்தவர் யாரிடம் சொல்வது, அன்றைய தினம் வகுப்பில் எது தளரும் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமைக்கான பதில்: ஏற்றத்தில் இருக்கும் பிள்ளையோடு வகுப்பின் முன் வாதிடாதீர்கள், கேலிக்குக் கேலியால் பதில் தராதீர்கள். ஏதேனும் பதிவேட்டைக் கொடுத்து அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அங்கே அவளை எதிர்பார்த்து ஒருவர் இருக்கட்டும். இறக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று கொடுங்கள். அந்த மூன்றும் பத்தில் உள்ள மூன்று வகையாக இருக்கட்டும். கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாத நாளில் தோழியின் குறிப்பேட்டைப் படமெடுத்து அனுப்பினால் போதும். மற்ற 45 பேருக்கு விளக்கம் தேவையில்லை. காய்ச்சலிலிருந்து வந்த பிள்ளைக்கு நீங்கள் செய்வதை அவர்கள் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாளைப் பற்றி எவரும் பேசவில்லை, எனக்கு அதுதான் மிகக் கடினமாகத் தெரிகிறது. ஒரு மாதம் கழித்து வரும் பிள்ளையிடம் விட்டுப்போன எல்லாத் தேர்வுகளையும் ஒரே வாரத்தில் எழுதச் சொல்வார்கள். முதல் வாரம் அரை நாள் மட்டும் வரட்டும். விட்டுப்போனவற்றில் எது கட்டாயம், எது கைவிடப்பட்டது என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்கும் தோழிகளுக்குச் சொல்ல ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே அவள் ஆயத்தம் செய்துகொள்ளட்டும். மேடையேறிப் பேசிய நிகழ்ச்சியை அவள் மறந்திருக்கமாட்டாள், மற்றவர்களும் மறந்திருக்கமாட்டார்கள். வெட்கம்தான் பல பிள்ளைகளைப் பள்ளி வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிறது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் குறித்து: மனநோய்க்கான குறைபாட்டு அளவை ஐடியாஸ் என்ற அளவுகோலால் கணிக்கிறார்கள், தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், புரிந்துகொண்டு பேசுதல், வேலை ஆகிய நான்கோடு நோயின் காலமும் கணக்கில் வரும். இரண்டு ஆண்டு நோய்க்காலத்தை அந்த அளவுகோல் எதிர்பார்ப்பதால், சென்ற நவம்பரில் தொடங்கிய நோய்க்கு 40 விழுக்காட்டுச் சான்றிதழ் இப்போது கிடைப்பது அரிது. அதற்காக மனம் தளர வேண்டாம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதுவதில் கைப்பிடிப்பு நோயுள்ள ஒரு குடிமைப்பணித் தேர்வருக்குச் சொல்வதை எழுதுபவரை மறுத்தது தவறு என்றது. 40 விழுக்காடு என்ற வரம்பு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியதே தவிர, இணக்க வசதிக்கு அது முன்நிபந்தனை ஆகாது என்று தெளிவாக்கியது. பள்ளிக்கு உள்ளே செய்துகொள்ளும் ஏற்பாடுகளுக்கு மருத்துவரின் கடிதமே போதும். பொதுத் தேர்வுக்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டியது. அரசு மருத்துவமனைச் சான்றைக் கேட்பார்கள். அதை அரையாண்டு வரை தள்ளிப்போடாமல் ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள்.

எடிசன் தமிழர் எழுதியது:

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் அண்ணன் மகனுக்கு இதே நோய். இங்கே 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு என்றும், ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் என்றும், பள்ளியில் இத்தகைய வசதிகளைப் பெற இரண்டு வழிகள் உண்டு. எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். எந்த வகைப்பாட்டில் பிள்ளையைச் சேர்ப்பது என்பதிலேயே பெரும் போராட்டம் நடக்கிறது. "உணர்ச்சிக் குலைவு" என்ற பெயரில் சேர்த்தால் தனி வகுப்பறைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று அஞ்சிப் பல பெற்றோர் "பிற உடல்நலக் குறைபாடு" என்ற பெயரையே கேட்டுப் பெறுகிறார்கள்.

ஆனால் ஒரே ஒரு விதியை நான் நம் ஊருக்குக் கொண்டுவர விரும்புவேன். திட்டத்தில் உள்ள பிள்ளையை ஒழுங்கு நடவடிக்கையாகப் பத்துப் பள்ளி நாட்களுக்கு மேல் வெளியே நிறுத்தி, அவனுடைய கல்வியிடத்தையே மாற்ற முனைந்தால், அந்த முடிவெடுத்த பத்துப் பள்ளி நாட்களுக்குள் பள்ளியும் பெற்றோரும் கூடி ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: அந்த நடத்தை குறைபாட்டின் வெளிப்பாடா, அல்லது பள்ளி தன் திட்டத்தை நிறைவேற்றாததால் விளைந்ததா? ஆம் என்றால், ஆயுதம், போதைப்பொருள், கடும் காயம் போன்றவை தவிர, பிள்ளை தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அண்ணன் மகன் ஓர் ஆசிரியரின் கணினியை எடுத்து முழுப் பள்ளிக்கும் மின்னஞ்சல் அனுப்பியபோது இந்தக் கூட்டம்தான் அவனைக் காப்பாற்றியது.

பழைய கரும்பலகை எழுதியது:

எடிசன் நண்பர் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்கச் சட்டம் தேவையில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. நான் அன்று அந்தத் தந்தையை உட்காரச் சொல்லியிருந்தாலே போதும்.

காவிரிக்கரை அம்மாவுக்கு இன்னும் ஒரு வழி: பள்ளி எதற்கும் இணங்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் மனு அளிக்கலாம். ஆனால் அதைக் கடைசியில் வையுங்கள். வென்று பெற்ற இருக்கையில் அமர்வது அவள்தான், நீங்கள் அல்ல.

நெல்லைத் தந்தை எழுதியது:

இதையும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். எதுவுமே கைகூடாத ஆண்டு ஒன்று வந்தால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகளில் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். அதைத் தோல்வியின் வாசலாக எண்ண வேண்டாம். அதே சமயம், பள்ளி தன் கடமையைத் தட்டிக்கழிக்க அதைக் காட்டினால் ஏற்கவும் வேண்டாம்.

காவிரிக்கரை எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது, இப்போது ஆகஸ்ட். நடந்ததை எழுதுகிறேன்.

டி.சி.க்கான கடிதத்தை அவர்கள் உண்மையிலேயே கேட்டார்கள். தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். நான் கையெழுத்திடாமல், காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டேன். இரண்டு வாரம் பதிலில்லை; பிறகு தலைமையாசிரியையே அழைத்தார். மருத்துவரின் ஒரு பக்கக் கடிதத்தை வைத்துப் பேசினோம். காலைச் சிறப்பு வகுப்பிலிருந்து விலக்கு கிடைத்தது. மாலைப் படிப்பிலிருந்து விலக்கு தர மறுத்து, பிறகு ஆறு மணிக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். தண்ணீர், கழிப்பறை, இரத்தப் பரிசோதனை நாள் மூன்றுக்கும் தடையில்லை. முதலுதவி அறையில் வலிநிவாரணி பற்றி எழுதி ஒட்டியிருக்கிறார்கள், பெயர் இல்லாமல். உடல்நிலை காரணமாகத் தவறும் மாதத் தேர்வை மறுபடி நடத்த இயலாது என்றார்கள். அதற்குப் பதிலாக மற்றத் தேர்வுகளின் சராசரியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப்பாடத்தைக் குறைப்பது மட்டும் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுகிறது. ஒருவர் குறைக்கிறார், ஒருவர் "உன் நன்மைக்குத்தான்" என்று இரட்டிப்பாகக் கொடுக்கிறார்.

தாளை எழுதும்போது மகளையும் உடன் வைத்துக்கொண்டேன். நான் "முதல் வரிசையில் இடம்" என்று எழுதியிருந்ததை அவள் அடித்துவிட்டு, "கதவுக்கு அருகில், கடைசி வரிசை" என்று எழுதினாள். வெளியே போக வேண்டியபோது எவர் காலையும் தாண்டாமல் போகலாமாம். ஏற்றத்தின் அறிகுறி என்ற இடத்தில் நான் உறக்கத்தையும் பேச்சையும் எழுதியிருந்தேன். அவள் சேர்த்தது, "எல்லோருக்கும் பொருள் வாங்கிக் கொடுப்பேன்." அந்தக் கம்மலைப் பற்றி அவள் அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சென்ற வாரம் வேதியியல் ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, கேன்டீனில் ஏழெட்டுப் பேருக்கு அவள் பணம் கொடுத்ததாகச் சொன்னார். இரண்டு இரவுகளாக அவள் அறையில் விளக்கு எரிந்ததை நானும் பார்த்திருந்தேன்; தேர்வுக்குப் படிக்கிறாள் என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். மறுநாளே மருத்துவரிடம் போனோம். மருந்தின் அளவை மாற்றினார். மூன்று நாள் வீட்டில் இருந்தாள், நான்காம் நாள் பள்ளிக்குப் போய்விட்டாள்.

இப்போது ஒரு கேள்வி. அளவு கூட்டியதிலிருந்து கை நடுக்கம் சற்று மிகுந்திருக்கிறது. மருத்துவர் அச்சப்பட வேண்டியதில்லை என்கிறார். ஆனால் அறிவியல் செய்முறைத் தேர்வில் சோதனைக் குழாயைப் பிடிக்க வேண்டுமே என்று அவள் கவலைப்படுகிறாள். பொதுத் தேர்வு விண்ணப்பத்தில் கூடுதல் நேரம் மட்டும்தான் கேட்டிருக்கிறோம். அது இன்னும் பள்ளி அலுவலகத்தில்தான் இருக்கிறது.

சிறப்புப் பயிற்றுநர், வட்டார வள மையம் எழுதியது:

அலுவலகத்தில் இருப்பது நல்லதாயிற்று, திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். கைநடுக்கத்தை மருத்துவர் தனி வரியாக எழுதட்டும். சொல்வதை எழுதுபவர் தேவைப்படலாம் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். அன்று தேவையில்லை என்றால் அவளே எழுதிக்கொள்ளலாம், ஆனால் கேட்காமல் விட்டதைத் தேர்வு நாளன்று எவரும் தரமாட்டார்கள். செய்முறைக்கு, வேதியியல் ஆசிரியையிடமே பேசுங்கள். குழாயைக் கையில் பிடிப்பதற்குப் பதில் தாங்கியில் வைத்துச் செய்ய இப்போதிருந்தே பழகட்டும். அந்த ஆசிரியை கவனிக்கிறவர் என்று தெரிகிறது. அவள் நம்பும் அந்த ஒருவர் அவராகவே இருக்கலாம்.